மனை வாங்குவது குறித்து மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவும் நானும் நலம். திருப்போரூருக்கு அப்பால் தனி வீட்டுக்கு மனை வாங்க முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், அதற்குப் பதில் ஊருக்குள் மாம்பலத்தில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கலாம் என்பதே என் எண்ணம். விலையை வைத்து நான் இதைச் சொல்லவில்லை.

அந்த இடத்தை நாங்கள் இருவரும் நேரில் போய்ப் பார்த்தோம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நஞ்சை அது. வரப்புகளின் மேல் கிராவல் மண்ணைக் கொட்டி நிரவி, எண் எழுதிய கற்களை நட்டிருக்கிறார்கள். மதகு அப்படியே நிற்கிறது. அதிலிருந்து போகும் வாய்க்காலின் குறுக்கே தார்ச்சாலை போட்டாயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது அந்தத் தண்ணீர் வீடுகளுக்குள்தான் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகு வைத்து மீட்டது உனக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றபோது, அதில் சேர்ந்த பரப்பு 1,248 ஹெக்டேர்தான். அதே ஆண்டில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அந்த எல்லைக்குள் இன்னும் எத்தனை ஏரிகளும் நஞ்சைகளும் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. கழிவுநீரை லாரியில்தான் அள்ள வேண்டும். குடிநீரும் கோடையில் லாரியில்தான் வரும். பால் வாங்கக்கூட வண்டியை எடுக்க வேண்டும், வேலைக்குப் போக ஆளுக்கொரு வாகனம் வேண்டும். மாம்பலத்திலோ காய்கறியும் மருந்தும் பள்ளியும் நடை தூரத்தில் இருக்கின்றன. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. நான்கு மாடிக்கு ஒரே கூரை என்பதால் மேல்தளத்தைத் தவிர மற்ற வீடுகளின் தலைமேல் நேராக வெயில் இறங்குவதில்லை. ஒரே குழாயும் ஒரே மின்கம்பமும் பல குடும்பங்களுக்குப் பயன்படுகின்றன.

தியாகராய நகரும் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான் என்று நீ சொல்லலாம். உண்மை. அந்த ஏரி இனித் திரும்பாது. அதன்மேல் உள்ள நிலத்தில் இன்னும் பலர் குடியிருக்க முடிந்தால், வேறோர் ஏரிக்கரையில் கல் நட வேண்டியிருக்காது. நிழல் மரமும் விளையாட்டுத் திடலும் மழைநீர் வடிகாலும் இல்லாத நெருக்கம் மனிதர்களை வாட்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை; அவற்றை மாநகராட்சியிடம் நாம் விடாமல் கேட்டுப் பெற வேண்டும்.

நீ இருக்கும் சிங்கப்பூரையே பார். குடியிருப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வீடு என்பது அடுக்குமாடிதான்; தனித்தனி மனையாகப் பிரிக்காமல் மாடி மேல் மாடியாகக் கட்டியதால்தான், அத்தனை சிறிய தீவின் நடுவில் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காடு இன்னும் நிற்கிறது.

மாம்பலம் நிலையத்துக்கு அருகில் ஒரு பழைய வீட்டை இடித்து எட்டு வீடுகளாகக் கட்டுகிறார்கள். இரண்டாம் தளத்தில் ஒன்று விலைக்கு இருக்கிறது. மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். அவர் பார்த்துச் சொன்னதும் எழுதுகிறேன். அதுவரை அந்த மனைக்கு முன்பணம் அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா