ஆசிரியருக்கு: தடை வேறு, பூட்டு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாடுகளில் கேம் தணிக்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'தடை' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து வேறு வேறு சங்கதிகளை அடைத்துவிட்டது. மேல்படிப்புக்காக ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் நம் பிள்ளைகள் ஊரில் தொடங்கிய ஸ்டீம் (கணினி கேம் விற்கும் இணையக் கடை) கணக்கோடுதான் விமானம் ஏறுகிறார்கள். அங்கே ஒரு கேம் கடையில் தென்படவில்லை என்றால், அதைச் சட்டம் தடுத்ததா, கடை தடுத்ததா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும்.

முதலில் ஜெர்மனி. அங்கே மூன்று படிகள் உண்டு. முதல் படி, யுஎஸ்கே என்ற வகைப்பாட்டு அமைப்பு தரும் வயது முத்திரை: 0, 6, 12, 16, 18. இரண்டாவது, சிறாருக்குத் தீங்கானவை என்ற பட்டியல். பான் நகரில் உள்ள மத்திய அலுவலகம் இதைப் பராமரிக்கிறது. இதில் ஏறிய கேமை விளம்பரப்படுத்தக் கூடாது, சிறார் கண்ணில் படும்படி வைக்கவோ அவர்களுக்கு விற்கவோ கூடாது. 18 வயதானவர் கேட்டு வாங்கலாம், வைத்திருக்கலாம், விளையாடலாம். 25 ஆண்டு கழிந்தால் பெயர் தானாகவே பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். நிறுவனம் மனுப் போட்டால் அதற்கு முன்பும் எடுக்கலாம். 1994இல் பட்டியலில் ஏறிய 'டூம்' அப்படித்தான் 2011இல் வெளியே வந்தது. மூன்றாவது படியில்தான் குற்றவியல் சட்டம் வருகிறது. வன்முறையைப் போற்றுவதற்கு எதிரான 131ஆம் பிரிவு, நாஜிச் சின்னங்களுக்கு எதிரான 86ஏ பிரிவு ஆகியவற்றின் கீழ் நீதிமன்றமே பறிமுதல் உத்தரவு போடும். அப்போதும் குற்றம் பரப்புவதுதான். ஒரு பிரதியைத் தன் வீட்டில் வைத்திருப்பவர் குற்றவாளி ஆவதில்லை. கட்டுரை இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் ஒன்றாக்கி, 'ஜெர்மனியில் தடை' என்று எழுதிவிட்டது.

சட்டம் பெரியவர்களைத் தடுக்கவில்லை என்றால் ஸ்டீமில் ஏன் தெரிவதில்லை? இணையத்தில் வயது வந்தோருக்கான சரக்கை விற்க, ஜெர்மன் மாநிலங்களுக்கு இடையிலான ஊடக ஒப்பந்தம் மூடிய பயனர் குழுவைக் கேட்கிறது. அதாவது, வாங்குபவர் 18 நிரம்பியவர்தான் என்று அஞ்சலகத்தில் நேரில் காட்டியோ, மின்னணு அடையாள அட்டை மூலமோ ஒருமுறை நிரூபித்திருக்க வேண்டும். பிறந்த தேதிப் பெட்டி இதற்குப் பயன்படாது. (அந்தப் பெட்டியை நம்பினால் உலகில் பாதிப் பேர் ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர்கள்.) அடையாள எண்ணோடு ஒரு வங்கிப் பரிவர்த்தனையைச் சேர்த்துக் காட்டினாலும் போதாது என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2007லேயே சொல்லிவிட்டது. இந்தச் சரிபார்ப்பைக் கட்டமைக்கச் செலவாகும். ஒரு நாட்டுக்கு மட்டும் பக்கத்தை மறைக்க எந்தச் செலவும் இல்லை. ஆகவே 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற பாலியல் உள்ளடக்க வகைக் கேம்கள் ஜெர்மன் கணக்குகளுக்கு மொத்தமாக மறைந்தன. இது கடை போட்ட பூட்டு. பிரிட்டனில் 2025 ஆகஸ்ட் முதல் இதே கடை வேறு வழியில் போகிறது: கணக்கில் கிரெடிட் கார்டு சேமித்திருந்தால் வயது வந்தோருக்கான பக்கங்கள் திறக்கும். அங்கே கிரெடிட் கார்டு 18 வயதுக்கு மேல்தான் கிடைக்கும். டெபிட் கார்டு செல்லாது.

2024 நவம்பர் 15 முதல் இன்னொரு வடிகட்டியும் சேர்ந்தது. வயது முத்திரை இல்லாத எந்த கேமும் ஜெர்மனியில் காட்டப்படாது. உருவாக்குநர் ஸ்டீமின் உள்ளடக்கக் கேள்வித்தாளை நிரப்பினால் ஸ்டீமே ஒரு வயது முத்திரை தந்துவிடும், கட்டணம் இல்லை. சிக்கல் எங்கே என்றால், பத்து வருடத்துக்கு முன் ஒரு சின்ன கேமைப் போட்டுவிட்டு மின்னஞ்சலே பார்க்காமல் போன உருவாக்குநர்கள். வன்முறையே இல்லாத புதிர் விளையாட்டுகள்கூட இப்படித்தான் காணாமல் போகின்றன. அதற்கு முன்பே வாங்கியவரின் நூலகத்தில் அவை இருக்கும். உங்களுக்கு வேண்டிய கேம் இப்படி மறைந்திருந்தால், உருவாக்குநருக்கு 'கேள்வித்தாளை நிரப்புங்கள்' என்று ஒரு வரி எழுதுவதே பல நேரம் தீர்வு.

கேம்களில் நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகாவைக் காட்டவே கூடாது என்ற கட்டுரையின் தகவல் பழையது. 'வுல்ஃபென்ஸ்டைன் 2' 2017இல் ஜெர்மனிக்கு வந்தபோது ஹிட்லரின் மீசையை மழித்துப் பெயரையும் மாற்றினார்கள், உண்மைதான். ஆனால் 2018 ஆகஸ்டில் யுஎஸ்கே நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. திரைப்படங்களுக்கு இருந்ததைப் போலவே கலை, வரலாறு ஆகிய நோக்கங்களுக்கான விலக்கை இப்போது ஒவ்வொரு கேமாகப் பார்த்துத் தருகிறார்கள்.

காசு இழக்கும் இடம் பெரும்பாலும் கீ (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) வாங்குவதில்தான். ஸ்டீமில் ஒரு தொகுப்புக்கு மூன்று தனித்தனிப் பூட்டுகள் இருக்கலாம்: அந்த நாட்டில் வாங்க முடியாது, அந்த நாட்டில் கீயைப் பதிய முடியாது, பதிந்த பிறகும் அந்த நாட்டில் ஓடாது. மூன்றாவதுதான் மோசம். ஊரில் பதியும்போது ஒன்றும் தெரியாது, அங்கே போய்த் திறக்கும்போது மறுக்கும். 'வுல்ஃபென்ஸ்டைன்: தி நியூ ஆர்டர்' 2014இல் வந்தபோது இந்த வகையாக இருந்தது. ஸ்டீம் தகவல்களைத் திரட்டித் தரும் ஸ்டீம்டிபி தளத்தில் கேமின் தொகுப்பு எண்ணைத் திறந்து, 'ஒன்லி அலோ ரன் இன் கன்ட்ரீஸ்' (ஓட அனுமதி உள்ள நாடுகள்), 'புரோஹிபிட் ரன் இன் கன்ட்ரீஸ்' (ஓடத் தடை உள்ள நாடுகள்) ஆகிய வரிகளில் டிஇ என்ற ஜெர்மனியின் குறியைத் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்டீமிலேயே வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். வெளிக்கடையில் வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் தராது. இங்கிருந்து பரிசாக அனுப்பலாம் என்றால், இரு நாட்டு விலைக்கும் இடைவெளி அதிகமாக இருந்தாலே அது போய்ச் சேராது.

கணக்கின் நாட்டை மாற்ற, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அந்த நாட்டு முகவரி கொண்ட அட்டையால் ஒரு கேம் வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்ற முடியாது. விபிஎன் போட்டு நாட்டை மறைப்பது ஒப்பந்த மீறல், கணக்கே முடங்கலாம். பிளேஸ்டேஷனில் ஒருமுறை தேர்ந்த நாட்டை மாற்றவே வழியில்லை. புதுக் கணக்குத்தான் தொடங்க வேண்டும், பழைய நாட்டு டிஸ்குக்குப் புது நாட்டுக் கணக்கில் வாங்கும் கூடுதல் பகுதிகள் பல நேரம் பொருந்தாது.

ஆஸ்திரேலியாவில் நிலைமை நேர் எதிர். அங்கே 'வகைப்பாடு மறுக்கப்பட்டது' என்றால் சட்டப்படியே விற்க முடியாது. 2013 ஜனவரி 1 வரை கேம்களுக்கு 18+ வகையே இல்லை, 15க்கு மேல் போனால் மறுப்புத்தான். 18+ வந்த பிறகும் ஒரு முள் மிச்சம்: போதைப்பொருள் பயன்படுத்தினால் கேமுக்குள் பலன் கிடைப்பதாக இருந்தால் மறுப்பார்கள். 'ஃபால்அவுட் 3'இல் மார்ஃபின் என்ற பெயர் உலகம் முழுவதும் மெட்-எக்ஸ் ஆனது இதனால்தான். 2019இல் 'டேஇசட்' கேம் தன் கஞ்சாவை எல்லா நாட்டிலும் நீக்கியது. சேலத்தில் விளையாடுபவரும் கான்பெராவின் விதிப்படிதான் விளையாடினார்.

அதிலும் விசித்திரம், கன்சோல் பதிப்பு வரும்போதுதான் பூதம் கிளம்பும். 'ரிம்வேர்ல்ட்' பல ஆண்டுகள் ஸ்டீமில் விற்றுக்கொண்டிருந்தது. 2022இல் கன்சோலுக்காக வகைப்பாடு கேட்டபோது மறுக்கப்பட, ஆஸ்திரேலிய ஸ்டீமிலிருந்தும் இறங்கியது. மேல்முறையீட்டில் 18+ கிடைத்துத் திரும்பியது. ஆகவே மறுப்புச் செய்தி வந்ததும் பதறி வெளிக்கடைக் கீ வாங்குவதைவிட, மறுஆய்வு முடியும் வரை சில வாரம் பொறுப்பதே நல்லது.

கடைசியாக ஒரு திருத்தம். பெட்டிச் செய்தியில் யுஎஸ்கேவை அரசு அமைப்பு என்று போட்டிருக்கிறீர்கள். அதை நடத்துவது கேம் துறை. ஆனால் அதன் முத்திரை செல்லுபடியாவது மாநிலங்களின் சிறார் பாதுகாப்பு ஆணையங்களின் நிரந்தரப் பிரதிநிதி கையெழுத்திட்ட பிறகுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை