கதிரின் விளையாட்டைப் பற்றிக் கோமதிக்கு

தஞ்சாவூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோமதி,

இங்கே அனைவரும் நலம். உன் மாமியாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை விஜயா சொன்னாள், மகிழ்ச்சி. உன் மகன் கதிர் படிப்பை விட்டுவிட்டு இரவெல்லாம் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று நீ அனுப்பிய நீண்ட செய்தியைப் பலமுறை படித்தேன். கைப்பேசியில் பதில் தட்டினால், நீ வழக்கம்போல் பாதியைப் படித்துவிட்டு மீதியைக் கற்பனை செய்துகொள்வாய் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

முதலில், அவனுடைய கைப்பேசியைக் கிணற்றில் எறியப்போவதாக உன் வீட்டுக்காரர் சொல்கிறாரே, அதைத் தடுத்து வை. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை இப்போது பேசுகிற நான்கைந்து மனிதர்களும் அந்தக் கருவிக்குள்தான் இருக்கிறார்கள் என்பதை அவர் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதை ஒரு ஆசிரியையின் அதிகாரத்தோடு மட்டும் நான் சொல்லவில்லை. சென்ற ஆண்டு விடைத்தாள் திருத்தும் முகாமில் எனக்கு நெஞ்சு படபடத்து, கை மரத்து, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்றே நம்பி, மாதவிக்கு எந்த வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். இ.சி.ஜி., தைராய்டு என எல்லாம் பார்த்தார்கள், எதிலும் குறையில்லை. பிறகு மனநல மருத்துவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது பதற்ற நோய் என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன், பேச்சு ஆலோசனைக்கும் போய்வருகிறேன், இப்போது எவ்வளவோ தேவலை. உன்னிடம் சொன்னால் அன்றிரவே பேருந்து ஏறி வந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

இதில் நீ சிரிக்கப்போகும் பகுதி இனிமேல்தான் வருகிறது. மாதவி தன் மடிக்கணினியில் ‘செலஸ்ட்’ என்றொரு விளையாட்டைப் போட்டுக்கொடுத்தாள். 2018இல் வெளிவந்தது. மேடலின் என்ற பெண் ஒரு மலையின் உச்சிக்கு ஏற வேண்டும்; கதை அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கும் என்னைப் போலவே பதற்றம் வரும். கம்பிவட வண்டி ஒன்று பாதி வழியில் நின்றுபோகிற இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. உடன் வரும் தோழன், ஓர் இறகைக் கற்பனை செய்துகொண்டு, மூச்சால் அதை மிதக்கவைக்கச் சொல்கிறான். திரையில் இறகு மேலும் கீழும் அசைய, நாம் பொத்தானை அழுத்தியும் விட்டும் அதைக் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். மருத்துவர் எனக்குச் சொல்லித்தந்த மூச்சுப் பயிற்சியை நான் ஒழுங்காகச் செய்தது அங்கேதான்.

ஆனால் என்னை உட்காரவைத்தது அந்த இறகு அல்ல. பிற்பகுதியில், தன் அச்சமே உருவெடுத்து எதிரே நிற்கும்போது அவள் அதே இறகு உத்தியைச் செய்து பார்க்கிறாள். அந்த நிழல் இறகை வெட்டி எறிந்துவிடுகிறது. துரத்திவிட முயன்ற அந்தப் பகுதியோடு அவள் சமாதானம் செய்துகொண்ட பிறகுதான் மேலே ஏறும் வலிமை கூடுகிறது. மூச்சுப் பயிற்சி செய்தும் படபடப்பு அடங்காத நாட்களில் நான் என்னையே திட்டிக்கொள்வேன் என்பதால், இதை ஒரு விளையாட்டு சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னொன்று: அதில் விழுந்தால் அடுத்த நொடியே அதே இடத்தில் எழுந்து நிற்கலாம். எத்தனை முறை செத்தோம் என்பதை எண்ணிக் காட்டி, அதற்காகப் பெருமைப்படவும் சொல்கிறது. என் எண்ணிக்கையை உன்னிடம் சொல்வதாக இல்லை.

ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று நீ கேட்பதற்கு முன் ஒன்றை நினைவூட்டுகிறேன். விடுதியில் அந்த பிரிக் கேம் பெட்டியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்து, தேர்வுக்கு முந்தைய இரவெல்லாம் கட்டை அடுக்கியது நான் அல்ல. தயிர்சாத வார்டனிடம் அகப்பட்டபோது ‘இது சாந்தியுடையது’ என்று சொன்னதும் நான் அல்ல! அந்தக் கட்டை அடுக்கும் விளையாட்டின் மூலமான டெட்ரிஸை வைத்து ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது, தெரியுமா? சாலை விபத்தில் சிக்கி அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேரில் ஒரு பகுதியினரை, சில மணி நேரத்துக்குள், விபத்தைச் சற்றே நினைவுகூரச் செய்து டெட்ரிஸ் ஆடவைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் விபத்துக் காட்சி தானாக மனத்துக்குள் பாய்ந்து வருவது, ஆடாதவர்களைவிட அவர்களுக்குக் குறைவாக இருந்தது. வடிவங்களைத் திருப்பிப் பொருத்தும் வேலை, காட்சி நினைவு படிகிற அதே இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்களின் விளக்கம். 2017இல் வெளியான சிறிய ஆய்வுதான். என் நோய்க்கோ கதிரின் நிலைக்கோ அதை மருந்தாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி உன் வாக்கியத்துக்கு வருகிறேன்: “இந்த விளையாட்டுதான் என் பிள்ளையைக் கெடுத்தது.” கோமதி, எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்த்தாயா? முதல் பருவத்தில் நான்கு தாள் அரியர் விழுந்தது. பிறகு விடுதிக்குப் போக மறுத்தான். பிறகு உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு வருவதை நிறுத்தினான். அதன் பிறகுதான் இரவு முழுவதும் ஆடத் தொடங்கினான். நீ எழுதிய செய்தியிலேயே இந்த வரிசை இருக்கிறது. பதற்றம் உள்ளவன் தனக்கு அச்சம் தருவதைத் தவிர்க்கிறான். தவிர்த்ததும் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்கிறது. நான் அந்த முகாமுக்கு மறுபடி போகாமலிருக்க எத்தனை சாக்குகள் தேடினேன் என்று எனக்குத் தெரியும். அவனுக்குக் கையில் விளையாட்டு இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

நேரக் கணக்கை வைத்து நீ பயப்படுவதால் ஒரு செய்தி. ஆக்ஸ்ஃபோர்டில் வேறொரு குழு, ஏறத்தாழ 39,000 பேர் ஏழு விளையாட்டுகளில் உண்மையில் செலவிட்ட நேரத்தை நிறுவனங்களிடமிருந்தே வாங்கி, அவர்களுடைய மனநலத்தோடு ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டது. நேரம் கூடியதாலோ குறைந்ததாலோ சொல்லும்படியான மாற்றம் இல்லை. விரும்பி ஆடுகிறாரா, ஆடியே தீர வேண்டும் என்ற உந்துதலில் ஆடுகிறாரா என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. ஜப்பானில் நடந்தது இதைவிட அழகு. கொரோனாக் காலத்தில் விளையாட்டுக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு வந்து, கடைகள் குலுக்கல் நடத்தி விற்றன. குலுக்கலில் வென்றவரையும் தோற்றவரையும் ஒப்பிட்டால் காரணமும் விளைவும் தெளிவாகப் பிரிந்துவிடும் அல்லவா? இயற்பியல் ஆசிரியைக்கு இப்படி ஒரு சோதனை கிடைத்தால் தூக்கம் வருமா? கருவி கிடைத்தவர்களின் மனநலம் சற்று மேம்பட்டிருந்தது; நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டியபோது அந்த நன்மை மேலும் வளரவில்லை. வீட்டுக்குள் அடைந்துகிடந்த காலத்து முடிவு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதை வைத்து, கவலை வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. கதிர் ஆடுவது என் மலையேற்றத்தைப் போன்றது அன்று. நூறு பேர் ஒரு தீவில் குதித்துக் கடைசி அணி மிஞ்சும் வரை சுடும் ஆட்டத்தில் இடையே நிறுத்திவைக்க வழியே இல்லை. நீ சாப்பிடக் கூப்பிடும்போது எழுந்தால் அவன் மூன்று கூட்டாளிகளைக் கைவிட்டவனாகிறான். அரும்பாடுபட்டு ஏறிய தரநிலை, அடுத்த சீசன் தொடங்கியதும் கீழே இறக்கப்படுகிறது. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் இழப்பு. ஆட்டத்துக்குள் வரும் பரிசுப் பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாது; சூதாட்ட எந்திரத்தின் முன் மனிதரை உட்காரவைப்பதும் இந்த நிச்சயமின்மைதான். பதற்றத்திலிருந்து ஓடிவந்தவனுக்கு இங்கே புதிய பதற்றம் தவணை முறையில் கிடைக்கிறது. போதாக்குறைக்கு விடியும் வரை விழிப்பு. தூக்கம் கெட்டால் மறுநாள் சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு திடுக்கிடும் என்பதை நான் அனுபவித்தே சொல்கிறேன். அந்த வீட்டில் நான் கைவைக்க விரும்பும் முதல் இடம் அவனுடைய தூக்கம்தான், விளையாட்டு இரண்டாவது.

உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைநிலையை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எத்தனை மணி நேரம் என்று அதில் அளவு கிடையாது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதுவே ஆகிவிடுதல், பாதிப்பு கண்ணெதிரே தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டுக் காலமாவது நீடித்திருக்க வேண்டும். கதிருக்கு இது பொருந்துமா என்று நானோ நீயோ முடிவு செய்யக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ‘ஷட்’ என்ற பிரிவு 2014 முதல் இயங்குகிறது. உங்கள் ஓசூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416 என்ற அரசின் ‘டெலி மனஸ்’ மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டம் எதிலாவது இருக்கிறானா என்பதை மட்டும் உடனே விசாரி. 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் குறுக்குவழிகள் இருக்கின்றன; அது வேறு வகை ஆபத்து, காத்திருக்க முடியாது.

அதுவரை ஒன்று செய். ஒரு மாலையில் அவன் அறைக்குப் போய், அறிவுரை எதுவும் சொல்லாமல், அவன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவன் கூட்டாளிகளுக்கு வழிசொல்லும் குரலை விஜயாவின் மகன் கேட்டிருக்கிறானாம். உங்கள் வீட்டில் அவன் அப்படிப் பேசிக் கேட்டதே இல்லையாம். தோற்றதும் அவன் முகம் எப்படி ஆகிறது, ஆட்டம் முடிந்ததும் நிம்மதியாகிறானா, எரிச்சலாகிறானா என்று கவனி. மருத்துவர் உன்னிடம் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.

பொங்கல் விடுமுறையில் மாதவியும் நானும் வருகிறோம். உன் வீட்டுக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். என் முன்னால் அவர் கிணற்றுப் பேச்சு எடுக்கமாட்டார். கதிருக்கு எந்தெந்தத் தாள் நிலுவையில் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டு எழுது. இயற்பியல் அதில் இருந்தால் என் குறிப்பேடுகளை எடுத்து வருகிறேன். கணிதம் என்றால் அது மாதவியின் பாடு.

அன்புடன்,
சாந்தி