டாப்ஸ்லிப் பறவை நடை: உடை நிறம்

நண்பர்களே, சனிக்கிழமை டாப்ஸ்லிப் காட்டில் பறவை பார்க்க நடந்து வருபவர்கள் இலைப்பச்சை, காக்கி, மண்நிறம் என மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள். வெள்ளை வேண்டவே வேண்டாம். நிழல் அடர்ந்த காட்டில் நம் சிறு அசைவையும் அது காட்டிக்கொடுத்துவிடும். வெண்மை கூட்டும் சலவைத்தூளும் வேண்டாம். அதில் துவைத்த துணி புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். மான்களுக்கு நீலம் நன்றாகவே தெரியும். சிவப்பு அவற்றுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் இருவாச்சிப் பறவைக்குத் தெரியுமே! அதனால் அதுவும் கூடாது.

கறுப்பையும் தவிருங்கள். தேனீ கலைந்தால் கருநிறத்தின் மேல்தான் அதிகம் பாயும்.

அப்புறம், அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கப் போடும் காலுறை மட்டும் வெளிர்நிறத்தில் இருக்கட்டும். பூச்சி ஏறுவது உடனே தெரியும்.

இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், சாயம் போன பழைய சட்டையே போதும்.