அளந்ததை எங்களிடமும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் கூட்டங்களுக்கு ஆளே வருவதில்லை என்று சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் அலுத்துக்கொண்டிருந்தார். வைத்திக்குப்பம் பக்கம் 38 வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு வருடமாக எங்கள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து மாதம் ஒரு அறிவியல் பேச்சு நடத்துகிறோம். மைக் கட்டுவதும் சுண்டல் தாளிப்பதும் என் பொறுப்பு.

அவர் சொன்னதில் பாதி நிஜம். முதல் கூட்டத்துக்கு வந்தது 11 பேர். அதில் 4 பேர் நாற்காலி போட்டவர்கள். பேச வந்தவர் நானோ தொழில்நுட்பம் என்று ஆரம்பித்து, திரையில் ஓடிய ஆங்கில வரிகளை வரி விடாமல் படித்துவிட்டுப் போனார். தூங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கே கண் சொக்கியது.

நாலாவது கூட்டம் மணலைப் பற்றி. பேசிய கல்லூரி ஆசிரியை புரொஜக்டர் வேண்டாமென்று, மீன் அலசும் அலுமினியத் தொட்டி ஒன்று கேட்டார். ஒரு பக்கம் சாய்வாக மணலைக் கொட்டி, தண்ணீர் விட்டு, ஸ்கேலால் சாய்வாக அலை எழுப்பினார். மணல் மெல்ல வடக்கே நகர்ந்தது. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தெற்கத்திக் காற்றில் மணல் வடக்கே போகும். வாடை அடிக்கும் மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம் என்றார். பிறகு கரையிலிருந்து தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி அரைச் செங்கல் ஒன்றை வைத்தார். சிறிது நேரத்தில் கல்லுக்குத் தெற்கே மேடு, வடக்கே பள்ளம்.

மீன் விற்கும் ஒரு அம்மா எழுந்து வந்து தொட்டிக்குள் விரலை நீட்டினார். "இந்தக் கல்லு அரியாங்குப்பம் முகத்துவாரத்துல கட்டின துறைமுகம். இந்தப் பள்ளம் எங்க தெரு. அப்படித்தானே டீச்சர்?" அப்படியேதான். 1980-களின் கடைசியில் அங்கே அலைதடுப்புச் சுவர்கள் எழும்புவதற்கு முன்னால், கட்டுமரத்தை ஏற்றி வைத்து வலையும் உலர்த்த எங்கள் கரையில் இடம் கிடந்தது. நான் மணலில் சைக்கிளைத் தள்ளமாட்டாமல் தள்ளிக்கொண்டு போன இடத்தில் இன்றைக்கு அலை அடிக்கிறது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே 2018-ல் கடலுக்குள் ஆப்பு வடிவ இரும்புக் கூட்டை இறக்கியதும் அங்கே மணல் திரும்பியது எப்படி, எங்களுக்கு ஏன் திரும்பவில்லை என்று அன்று ஒன்றரை மணி நேரம் கேள்வி. சுண்டல் ஆறிப்போனது.

வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜான்தீயின் கதைக்கும் அப்படித்தான் கூட்டம். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரையிறங்க முடியவில்லை; அடுத்த கடப்புக்காக 8 வருடம் காத்திருந்து 1769-ல் இங்கே தயாராக நின்றபோது மேகம் மூடிவிட்டது. பாவம், மனுஷன்! அதைவிட எங்கள் ஆட்களுக்குப் பிடித்தது, 1825-ல் வாரன் என்ற அதிகாரிக்கு, தரையில் சோழி பரப்பி, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய புதுச்சேரித் தமிழர் கதை. தொடக்கத்தில் 4 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியதையும் பேச்சாளர் மறைக்கவில்லை. ஏன் பிசகியது என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அதற்கே தனியாக ஒரு கூட்டம் வைக்க வேண்டியதாயிற்று.

மக்களுக்கு ஆர்வம் இல்லை என்பதை இதனால்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களிடம் வந்து சொல்லத்தான் ஆள் இல்லை. வருடத்தில் நாலைந்து தடவையாவது யாராவது முக்காலியும் கருவியுமாக எங்கள் கரையை அளக்க வருகிறார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். அளந்து முடித்ததும் வேன் ஏறிப் போய்விடுவார்கள். என்ன தெரிந்தது, கரை எத்தனை மீட்டர் போயிற்று என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அறிக்கை எங்கேயோ ஆங்கிலத்தில் இருக்குமாம். அளப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரே ஒரு சாயங்காலம் வந்து அதை எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். தொட்டி இருக்கிறது, செங்கல் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளுக்குள் வந்தால் விசைப்படகு ஆட்களும் கரையில் இருப்பார்கள்.

5 மணிக்கே ஆரம்பித்துவிடுவது நல்லது. விடியற்காலை 2 மணிக்குக் கடலுக்குப் போகிற ஃபைபர் படகுக்காரர்கள் 8 மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
வைத்திக்குப்பம், புதுச்சேரி.