கடைமடை பாசன விவசாயிகள் சங்கம்: 2025 ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள், நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்ட வழக்கம்போல் நாளானது. தூர்வாரக் கேட்டு இரண்டு மனு கொடுத்தோம். பொங்கல் விழா நல்லபடி நடந்தது.

சரி, லாக்கர் விஷயம். பூச்சி மருந்து வைக்க சங்கக் கட்டடத்தில் ஆளுக்கொரு பூட்டோடு அலமாரி செய்தது வீண் செலவு என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. தற்கொலையைத் தடுக்கச் சென்னையில் 1986-ல் தொடங்கிய சினேகா அமைப்பு இதைக் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. சாக வேண்டும் என்கிற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் மருந்து வீட்டுப் பரணில் இல்லாமல் இருந்தாலே ஓர் உயிர் தப்பலாம், அவ்வளவுதான் கணக்கு. 40 பெட்டியில் 17-தான் நிரம்பியிருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

பொதுக்குழுவுக்கு வந்தது 19 பேர். சந்தா பாக்கிப் பட்டியலை இதுவரை பலகையில் எழுதிப் போட்டு வந்தோம். அதில் பேர் இருந்த ஒருவர் மூன்று கூட்டத்துக்கு வரவில்லை, வழியில் பார்த்தபோது "பாக்கி எப்போ?" என்று மட்டும் கேட்டேன். அவர் கடன் தாங்காமல் சாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மனைவி கவனித்து அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் போன் செய்தார், கணவர் இப்போது சிகிச்சையில் தேறி வருகிறார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பலகையை அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

யாராவது மனம் ஒடிந்திருப்பதாகத் தெரிந்தால் "சாகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது, பேசினால் பாரம்தான் குறையும். பிள்ளைகள் கையைக் கீறிக்கொண்டால் நடிப்பு என்று திட்டாதீர்கள், காயத்துக்கு மருந்து போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேச விடுங்கள். போலீஸ் கேஸாகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். 2017 மனநலச் சட்டம் சாக முயன்றவருக்குச் சிகிச்சை தரத்தான் சொல்கிறது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது, தச்சருக்குக் கொஞ்சம் பாக்கி, பில்லெல்லாம் பொருளாளரிடம் பார்க்கலாம். தலைவருக்கும், இடத்தைச் சுத்தம் செய்துகொடுத்த மகளிர் குழுவுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் மீதி 23 பெட்டியும் நிரம்ப வேண்டும். சந்தா கட்ட முடிந்தவர்கள் தை அறுவடைக்குள் கட்டிவிடுங்கள். முடியாதவர்கள் சும்மாவாவது கூட்டத்துக்கு வாருங்கள், வராதவர் வீட்டுக்கு இனி நானே வருவேன், சந்தா கேட்க அல்ல.

செயலாளர்