கப்பலில் இரண்டு அண்டங்காக்கை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள். நான் லிஸ்பனில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தினமும் நடக்கிறேன். ஊரே மேடும் பள்ளமும்தான்.

நான் அனுப்பிய படத்தில், தெருவிளக்குக் கம்பத்தில் இருக்கும் கப்பலும் பறவைகளும் என்ன என்று கேட்டிருந்தாய். அது இந்த ஊரின் சின்னம். பாய்மரக் கப்பல், முன்னே ஓர் அண்டங்காக்கை, பின்னே ஒன்று. வாஸ்கோடகாமா புறப்பட்ட ஊராயிற்றே, அதனால்தான் கப்பல் என்று நானும் நினைத்தேன். ஆனால் இந்தக் கப்பலின் கதை அவருக்கு 300 ஆண்டுக்கும் மேல் மூத்தது.

வின்சென்ட் என்ற கிறிஸ்தவத் திருத்தொண்டரை 304ல், ரோமானியர் ஆட்சியில், வலென்சியாவில் வதைத்துக் கொன்றார்கள். விலங்குகள் தின்னட்டும் என்று எறிந்த உடலை ஓர் அண்டங்காக்கை எதையும் நெருங்கவிடாமல் காத்ததாம். பிறகு அவருடைய எலும்புகள் போர்ச்சுகலின் தென்மேற்கு முனைக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் அந்தப் பகுதி நூற்றாண்டுக் கணக்கில் முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. 1154ல் தன் நூலை எழுதி முடித்த அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி, அங்கிருந்த ஆலயத்தைக் 'காக்கை ஆலயம்' என்றே குறிக்கிறார். மதம் வேறாக இருந்தும் அந்தப் பறவைகளை அவர்களும் மறக்கவில்லை, பார். அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

லிஸ்பன் 1147ல் போர்ச்சுகல் அரசர் அஃபோன்சோ ஹென்ரிக்ஸ் வசமானது. 1173ல் அந்த எலும்புகள் கப்பலில் இங்கே வந்தன. இரண்டு அண்டங்காக்கைகள் துறை வரைக்கும் துணைக்கு வந்தன என்பது கதை. அந்தக் காட்சிதான் சின்னமாகிவிட்டது. பேராலயத்தின் உள்முற்றத்தில் வெகுகாலம் அண்டங்காக்கைகள் இருந்தன. அந்த இரண்டின் வம்சம் என்றே மக்கள் சொன்னார்களாம்.

சிங்கத்தையும் கழுகையும் சின்னமாக வைத்த ஊர்கள் எத்தனையோ. செத்தவருக்குக் காவல் இருந்த பறவையை வைத்துக்கொண்ட இந்த ஊர்மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது. ஊராரின் செல்லம் என்னவோ இங்கேயே பிறந்த அந்தோணியார்தான். ஜூன் 13 என்றால் தெருவெல்லாம் கொண்டாட்டம். வின்சென்ட்டின் நாளான ஜனவரி 22க்கு அந்தக் கோலாகலம் இல்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

நடைபாதையில் வெள்ளைக் கல்லுக்கு நடுவே கருங்கல்லால் இதே கப்பலைப் பதித்திருக்கிறார்கள். அடுத்த முறை அந்தப் படம் அனுப்புகிறேன். நீ கண்ணை வருத்திக்கொள்ளாதே. பதிலை மருமகளிடம் சொல்லி எழுதச் சொல்.

அன்புடன்,
ராமு