கரிப்பென்சில் சீவும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன வாரம் கடைக்கு வந்து, "அங்கிள், நீங்க விக்கிற கரிப்பென்சில் எல்லாம் மட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரே மாதத்தில் மூன்று பென்சில், சீவச் சீவ முனை உடைந்தே தீர்ந்துவிட்டது. கோபம் நியாயம்தான். சுங்கை சிப்புட்டில் இதைக் கேட்டு வருகிறவர்களே நாலைந்து பேர். உன்னையும் விட்டால் நான் யாரிடம் விற்பேன்?

நீ பள்ளியில் எழுதும் பென்சில் கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சூளையில் சுட்டது. 1795இல் கோன்தே என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கிய முறை அது. கரிப்பென்சிலின் உள்ளே இருப்பது பசை சேர்த்து அழுத்திய கரித்தூள். 6பி என்று போட்டிருக்கும் மென்மையான வகை இன்னும் பொலபொலவென்று இருக்கும். ஷார்ப்னர் மரத்தையும் கரியையும் ஒரே திருகில் சீவப் பார்க்கும். பிளேடு மழுங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம், முனை முறுக்கிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும்.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். இப்போது அந்தத் தோட்டத்தில் செம்பனைதான் நிற்கிறது. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் போகமாட்டார். ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். அப்புறம் அந்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வளரும், கத்தி ஓடாது, கங்காணியிடம் ஏச்சு வேறு. பென்சிலுக்கும் அதே கைதான் வேண்டும்.

புது பிளேடு போட்ட கட்டர் கத்தியை எடு. கத்தி பிடித்த கையை ஆட்டாதே. பென்சிலைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலால் பிளேடின் முதுகை மெல்லத் தள்ளு. மரம் சுருள் சுருளாக வரவேண்டும். சில்லாகத் தெறித்தால் ஆழம் அதிகம். ஒவ்வொரு சீவலுக்கும் பென்சிலைக் கொஞ்சம் திருப்பு. மரத்தை மட்டும் எடு, கரியைக் கத்தி தொட வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் கரி வெளியே தெரிந்தால் போதும். நீளமாக விட்டால் பார்க்க அழகுதான், ஆனால் தாளில் அழுத்தினதும் போய்விடும்.

முனையை உப்புத்தாளில் தேய். 220ஆம் நம்பர் சரியாக இருக்கும். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து உருட்டிக்கொண்டே தேய்த்தால் ஊசி மாதிரி வரும். கொட்டுகிற தூளை ஊதிவிடாதே, டப்பாவில் போட்டு வை. நிழல் தீட்டும்போது பஞ்சில் தொட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்தும் சீவச் சீவத் துண்டாக விழுகிறதா? அப்படியானால் பென்சில் எங்கோ கீழே விழுந்து, கரி மரத்துக்குள்ளேயே உடைந்திருக்கிறது. அதற்கு எந்தக் கைப்பக்குவமும் உதவாது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நீ கடைசியாக வாங்கியது, அலமாரியில் அடுக்கும்போது என் கையிலிருந்து நழுவிய பெட்டியில் இருந்தது. வெளியே ஒரு கீறலும் இல்லை, நானும் பேசாமல் விற்றுவிட்டேன்.

சனிக்கிழமை வா. விழாத பெட்டியிலிருந்து ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன், காசு வேண்டாம். மற்ற இரண்டும் உன் ஷார்ப்னர் தின்றது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
கடைக்கார அங்கிள்